இடது முன் சக்கரம்

வண்டியில் சத்தம் வருகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு டயர் சத்தம் எது, பேரிங் சத்தம் எது என்று தெரியாது, மேடம். டயர் தேய்ந்திருந்தால் ரோடு மாறும்போது சத்தமும் மாறும். புதிதாகத் தார் போட்ட இடத்தில் குறையும், ஜல்லி பெயர்ந்த இடத்தில் கூடும். பேரிங் அப்படி இல்லை. ரோடு எப்படி இருந்தாலும் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே வரும். வேகம் கூடினால் உறுமலும் கூடும். வண்டியை வலப்பக்கம் வளைத்தால் பாரம் முழுக்க இடது சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆகவே வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடி, இடப்பக்கம் திரும்பும்போது அடங்கினால், கெட்டுப்போனது இடது பேரிங். இவ்வளவுதான் விஷயம். இதற்கு மெக்கானிக்காக இருக்கவேண்டியதில்லை, காது இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்வதற்கு இது தேவைப்படும், அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நீங்கள் தமிழில் கேட்பது எனக்குப் பெரிய ஆறுதல். முன்னால் வந்த பெங்காலி அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறார். நீங்களும் கொஞ்சம் உரக்கக் கேட்டால் உதவியாக இருக்கும். இந்தப் பழைய கட்டிடங்களில் ஃபேன் இரைச்சலுக்கு நடுவே எதுவும் காதில் விழுவதில்லை.

ஃபேன் ஓடவில்லையா? சரி. நவம்பரில் யாரும் போடமாட்டார்கள்தான்.

என் பெயர் ராகவேந்திரன். அப்பா துறைமுகத்தில் வேலை கிடைத்துத் திருச்சியிலிருந்து வந்தவர். நான் பவானிபூரில் வளர்ந்தேன். இப்போது பாலிகஞ்சில், ஸ்டேஷனுக்கு அருகில் சொந்த ஃப்ளாட். ரயில் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது, இப்போதெல்லாம் ரயில் போவதே தெரிவதில்லை.

வேலை ரயில்வேயில். எந்த யார்டு என்று உங்கள் கோப்பில் இருக்கும், அதன் பெயரை இதில் இழுக்கவேண்டாம். ரயில் யார்டுக்குள் மெதுவாக நுழையும்போது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரத்தையும் கேட்பதுதான் எங்கள் பிரிவின் முதல் வேலை. ஓரிடத்தில் தட்டையாகிப்போன சக்கரம் தட்டிக்கொண்டே வரும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டது கிறீச்சிடும். பேரிங் போனது அடித்தொண்டையில் உறுமும். சந்தேகம் வந்தால் அந்தப் பெட்டியில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்குப் பிறகுதான் சூடு பார்க்கிற கருவி, மற்ற பரிசோதனை எல்லாம். யார்டில் என்னைக் காது சார் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. வேறெதிலும் நான் பெரிய ஆள் இல்லை.

கொஞ்ச வருஷமாக எல்லோரும் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் மதுவந்தி ஃபோனில் முணுமுணுப்பாள். திருப்பிக் கேட்டால், "நான் கத்திட்டுதாம்ப்பா இருக்கேன்" என்பாள். கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். யார்டில் மைக்கில் அறிவிப்பவன்கூட முணுமுணுத்தான். ஆனால் முகத்தைப் பார்த்தால் எனக்கு எல்லாம் புரிந்துவிடும். மனிதர்கள் காதுக்காகப் பேசுகிறார்கள் என்பது ஒரு நம்பிக்கைதான், பாதிப் பேச்சு முகத்தில் இருக்கிறது.

என் மனைவி கோமதியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள். ஒருநாள் குளிக்கப் போகும்போது, மூணு விசில் வந்தால் அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். விசில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் ஈரத்தலையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பருப்பு அடிப்பிடித்துக் கருகியிருந்தது. "பாத்ரூம் வரைக்கும் கேக்குதுங்க, பக்கத்துல இருந்துட்டு உங்களுக்குக் கேக்கலயா?" என்றாள். விசில் அடைத்திருக்கும் என்றேன். இல்லை என்றாள். உண்மையில் விசில் வந்திருந்தால் மூடி எவ்வளவு சூடாக இருக்கும் என்று அவளுக்குக் காட்டவேண்டியிருந்தது. அவள் உள்ளங்கையை எடுத்து மூடியின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கோபத்தில் செய்யவில்லை. ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு வந்தால் சோதித்துப் பார்த்துவிடுவது என் வழக்கம். கை ஆற நாளாயிற்று. பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதச் சிரமப்பட்டாள் என்று பிறகு தெரிந்தது, அவள் பவானிபூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அதற்குப் பிறகு அவள் என்னைக் குக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதில்லை.

யார்டில் எனக்கு உதவியாக கிரிதர் என்று ஒருவன் இருந்தான். ஒடிசாக்காரன். பேச்சு குறைவு, காது கூர்மை. ரயில் உள்ளே வரும்போது அவன் முன்னால் குந்தியிருப்பான், நான் சற்றுத் தள்ளி அவன் முகம் தெரிகிற மாதிரி உட்காருவேன். கெட்ட சக்கரம் கடந்தால் அவனுடைய தாடை லேசாக இறுகும். நான் எழுந்து கோடு போடுவேன். இதில் தவறு ஒன்றும் இல்லை. மேலே இருப்பவன் கீழே இருப்பவர்களைக் கவனிக்கவேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அவனுக்குக் கேட்டது எனக்கும் கேட்ட மாதிரிதான்.

ஆகஸ்டில் அவன் ஒருநாள் லீவு கேட்டான், வாய்மொழியாக, என்னிடம்தான். கொடுத்தேன். அன்று வந்த ரயிலில் எல்லா சக்கரமும் சரி என்று நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் போகிற வழியில் ஒரு பெட்டியின் பேரிங் எரிந்து புகை கிளம்பிவிட்டது. ஒரு சின்ன ஸ்டேஷனில் நிறுத்தி ஜனங்களை இறக்கினார்கள். குழந்தை குட்டிகளோடு இறங்கி ஓடியதில் சிலருக்குக் கை கால் அடி, அவ்வளவுதான். விசாரணையில், கிரிதர் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராததுதான் காரணம் என்றேன். அவனை சஸ்பெண்ட் செய்தார்கள். எனக்கு வருத்தம்தான். நல்ல வேலைக்காரன்.

அவன் என் வீட்டுக்கு வந்திருக்கிறான், அதுதான் எனக்கு அப்போது தெரியாமல் போயிற்று. நான் டூட்டியில் இருந்த நேரம். கோமதியிடம் கைகூப்பிக்கொண்டு, சாருக்குச் சுத்தமாகக் காது கேட்பதில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் கோடு போடுவார், என் வயிற்றில் அடிக்காமல் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான். அவள் இதை என்னிடம் மூச்சுவிடவில்லை. கட்டிய மனைவி ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு மனதுக்குள் வைத்துப் பூட்டுகிறாள் என்றால், அங்கேயே எல்லாம் ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பூஜை லீவு முடிந்து பள்ளி திறந்த சமயத்தில் காரில் சத்தம் வருவதாகக் கோமதி சொன்னாள். காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நான் போவது வழக்கம். "என்னங்க, முன்னாடி ஏதோ உறுமுது" என்றாள். டயராக இருக்கும் என்றேன். "ரோடு மாறினாலும் அப்படியேதான் இருக்கு. நீங்கதானே சொல்லுவீங்க, அப்படி இருந்தா பேரிங்னு" என்றாள். என் பாடத்தை எனக்கே ஒப்பித்தாள். மேல்மாடியில் இருக்கும் தீபக் என்ற பேங்க் அதிகாரி ஒருநாள் எங்களோடு வந்தார். மற்றவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதில் மனிதர் கெட்டிக்காரர். பின் ஸீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "தாதா, பேரிங் போயிடுச்சு, போவ்தி சொல்றது சரிதான்" என்று பெங்காலியில் சிரித்துக்கொண்டே சொன்னார். தாதா, போவ்தி என்று அண்ணனோடு அண்ணியையும் இழுக்காமல் இந்த ஊரில் எவனுக்கும் பேச வராது.

இரண்டு பேருக்குக் கேட்கிற ஒன்று எனக்குக் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்தேன். ஒன்று, சத்தம் இல்லை. அல்லது, இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்றைச் சொல்வீர்கள், அது எனக்குத் தெரியும். வருகிற ஜனவரியில் எனக்கு மருத்துவப் பரிசோதனை. போன தடவை வந்த டாக்டர் அவசரக்காரர், கேள்விகளைக் கேட்டு அவரே தலையாட்டிக்கொண்டார். இந்தத் தடவை காதுக்குத் தனியாகக் கருவி வைத்துப் பார்க்கப்போவதாகப் பேச்சு. தேறாதவனை யார்டிலிருந்து எடுத்து, ஏதாவது ஒரு ஸ்டோர் ரூமில் உட்காரவைப்பார்கள். காது சார் திருகாணி எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த நினைப்பு வந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது.

சனிக்கிழமை காலை கோமதியை மா ஃப்ளைஓவர் என்கிற பெரிய மேம்பாலத்துக்கு அழைத்துப்போனேன். நீளமான வளைவுகள், நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட்டலாம், பேரிங் பார்க்க அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது. அவள் இடது ஸீட்டில் இருந்தாள். நான் ரோட்டைப் பாதி, அவள் முகத்தைப் பாதி பார்த்து ஓட்டினேன். வலப்பக்கம் வளையும்போது அவள் சும்மா இருந்தாள். இடப்பக்கம் வளையும்போது முகத்தைச் சுளித்தாள். சந்தேகம் போக, திரும்பி வரும்போதும் பார்த்தேன். அதே சுளிப்பு, இடப்பக்கம் வளையும்போது மட்டும். கணக்கு சுலபம். "வலது முன் பேரிங் போயிடுச்சு. நல்லாவே கேக்குது" என்றேன்.

அவள், "அப்படியா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கண்டுபிடித்ததில் அவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன். எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. மதியம் தூங்கிக்கூட எழுந்தேன்.

ஞாயிறு காலை தீபக்கிடம் ஹைட்ராலிக் ஜாக் வாங்கி வந்தேன். கட்டிடத்துக்குக் கீழே கார்கள் நிற்கிற இடம். தெருவில் மீன்காரன் இருந்தான், மாடிகளில் துணி காய்ந்தது, எல்லா வீட்டு ஜன்னல்களும் திறந்துதான் இருந்தன. கோமதியும் கூட வந்தாள். முதலில் வலது முன் சக்கரத்தைத் தூக்கினேன். பேரிங் பார்க்க ஒரு முறை இருக்கிறது, மேடம். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றவேண்டும், இன்னொரு கையை டயருக்கும் பாடிக்கும் நடுவே விட்டு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொள்ளவேண்டும். பேரிங் கெட்டிருந்தால் அந்த நெருடல் ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். காதை ஏமாற்றலாம், விரலை ஏமாற்ற முடியாது. வலது சக்கரம் வெண்ணெய் மாதிரி ஓடியது.

"இப்ப இந்தப் பக்கம் தூக்குங்க" என்றாள்.

இடது பக்கம் தூக்கினேன். ஜாக்கை மட்டும் நம்பக்கூடாது, அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது என் பழக்கம், வைத்தேன். கோமதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, சக்கரத்தைச் சுற்றினாள். நான் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பிறகு நகர்ந்துகொண்டு, "இப்ப நீங்க கை வைங்க" என்றாள். வைத்தேன். ரவையில் மணல் கலந்திருந்தால் விரலில் நெருடுமே, அப்படி இருந்தது.

அவள் என் முகத்துக்கு நேரே வந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு வார்த்தையும் விடாமல் புரிந்தது. "நேத்து லெஃப்ட்ல திரும்பறப்ப சத்தம் அடங்கித்தான் இருந்துச்சு. நான் வேணும்னேதான் அப்ப முகத்தைச் சுளிச்சேன். நீங்க வலது பேரிங்னு சொல்லிட்டீங்க."

என் கை இன்னும் ஸ்பிரிங்கின் மேல்தான் இருந்தது.

"கிரிதர் வந்து அழுதுட்டுப் போனாரு. அவரு சொன்னப்ப நான் நம்பல. அதான் சோதிச்சுப் பார்த்தேன். தப்புன்னா மன்னிச்சிருங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "நாளைக்கு நீங்களே ஆபீஸ்ல சொல்லிடுங்க. காதுக்கு மெஷின் வச்சுக்கலாம், ஒண்ணும் கேவலம் இல்ல. நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லிடுவேன். ரயில்ல ஜனங்க போறாங்கங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பரிதாபப்பட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பயமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் நான் யாராக இருந்தேனோ அதை அவள் ஒரு சுளிப்பில் எடுத்துவிட்டாள், அதுவும் பொய்ச் சுளிப்பில். சோதனையில் ஏமாற்று வேலை கூடாது என்பது அடிப்படை விதி. ஒரு கணக்கு டீச்சருக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

அவள் சமாதானம் செய்கிற மாதிரி, "கைக்குத் தெரிஞ்சுதில்ல? அது போதும், வாங்க" என்று சொல்லிக்கொண்டே மறுபடி உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். தோள் வரைக்கும் உள்ளே போயிருந்தது. நான் காலால் மரக்கட்டையை வெளியே தள்ளினேன். ஜாக்கின் திருகை முழுக்கத் திறந்துவிட்டேன்.

கட்டை தானாக நழுவியிருக்கும் என்று உங்கள் ஆள் ஒருவர் எனக்கு எடுத்துக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்படி இல்லை. நான் வைத்த கட்டை நழுவாது.

வண்டியின் முன்பக்கம் முழுக்க அவள் கைமேல் இறங்கியது. ஸ்பிரிங் அழுந்தும்போது அதன் வளையங்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. அவள் விரல்கள் அங்கே இருந்தன. மேல் கை டயருக்கும் பாடிக்கும் இடையில் போய்விட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தேன். அவளால் எழவும் முடியவில்லை, விழவும் முடியவில்லை, கை அவளைத் தொங்கவிட்டிருந்தது. கால்கள் தரையை உதைத்தன. ஒரு செருப்பு கழன்று பக்கத்துக் காருக்கு அடியில் போயிற்று.

அப்போதே ஜாக்கை அடித்து வண்டியைத் தூக்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதை நானும் யோசித்தேன். ஜாக்கின் கைப்பிடி என் கையில்தான் இருந்தது. ஆனால் தூக்கியிருந்தால் ஆஸ்பத்திரி, விசாரணை, பிறகு திங்கட்கிழமை இல்லாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை. அவள் சொல்லத்தான் போகிறாள். சொல்வதற்குக் கை வேண்டியதில்லை.

வீல் ஸ்பேனரை எடுத்துத் தலையில் அடித்தேன். முதல் அடி சரியாக விழவில்லை, காதோரமாகச் சரிந்தது. அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. உதடுகளைப் படிக்க முயன்றேன். கல்யாணமான நாளிலிருந்து கோமதி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவள் வீட்டுப் பழக்கம் அப்படி. அன்று அவள் உதடுகளில் என் பெயர் இருந்த மாதிரி தோன்றியது. மறுபடி அடித்தேன். எத்தனை தடவை என்று டாக்டர் எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. கால் அசைவது நின்ற பிறகும் அடித்திருக்கிறேன். வாய் மூடவில்லை, அதனால்தான்.

தீபக் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தபோதுதான் அவர் வந்ததே எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் மீன்காரன், வாட்ச்மேன், எதிர்க் கட்டிடத்துப் பெண்கள், ஸ்டேஷன் பக்கமிருந்து ஓடிவந்தவர்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். யாரோ வண்டியைத் தூக்கச் சொன்னார்கள் போலிருக்கிறது. நான்தான் திருகை மூடி, ஜாக்கை அடித்துத் தூக்கிக் கொடுத்தேன். மற்றவர்களுக்கு அந்த ஜாக்கைக் கையாளத் தெரியவில்லை.

கிரிதரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மதுவந்தி என்னைப் பார்க்க வரமாட்டாள் என்கிறீர்கள், அதையும் ஏற்றுக்கொள்கிறேன். நான் செய்தேன், தெரிந்து செய்தேன், யாரும் தூண்டவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் அடித்துவிடவேண்டும், மேடம். கோமதி நெடுநேரம் கத்தினாள், வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாள், தெருக்கோடி வரைக்கும் கேட்டது என்று தீபக்கும் மற்றவர்களும் சொன்னதாகப் போட்டிருக்கிறீர்கள். அவர்கள் எல்லோரும் எங்கோ மாடியிலும் தெருவிலும் இருந்தவர்கள். நான் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றேன். அவள் ஒரு சத்தமும் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும், கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன்.